ஆளுக்கு ஒரு காசு

இரண்டு பெட்டிகளும் ஒரே உறையில்தான் வந்தன. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் அண்ணன் சாவியின் பல்லால் உறையைக் கிழித்தான். உள்ளே குமிழி பிளாஸ்டிக் சுற்றிய இரண்டு தட்டையான பெட்டிகள். தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக், உள்ளங்கையில் அடங்கும் அளவு, திறக்க வழியில்லாமல் ஓரமெல்லாம் உருக்கி ஒட்டியிருந்தது. நடுவில் காசு, அதற்கு மேல் ஒரு சீட்டு. இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். காசுகளில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டிலும் அதே தாடிக்காரர். திருப்பினால் அதே பாய்மரக் கப்பல். சீட்டில்தான் வித்தியாசம். ஒன்றில் அறுபத்தாறு என்று எண் போட்டிருந்தது. மற்றதில் எண் இருக்க வேண்டிய இடத்தில், கீறல் இருப்பதால் தரம் இடப்படவில்லை என்று அச்சிட்டிருந்தது.

அண்ணன் இரண்டு சீட்டுகளையும் படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். பிறகு பசியோடு உட்கார்ந்தவன் தட்டை இழுத்துக்கொள்வதுபோல அறுபத்தாறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இது என்னோடது. அது உன்னோடது."

சத்தமாகச் சொல்லவில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளில் தன்னுடையது எது என்று காட்டும்போது ஒருவருக்கு எந்தக் குரல் வருமோ அந்தக் குரல். அதனால்தான் நான் உடனே பதில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். யாராவது நிச்சயமாகப் பேசினால் எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம் வரும். சிறு வயதிலிருந்தே அப்படி.

அப்பா ஒரு வங்கியில் காவலாளியாக இருந்தார். அந்த வெள்ளிக் காசு வெளியானபோது ஊழியர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மேலாளர் சொன்னாராம். மற்றவர்கள் வாங்கிச் செலவழித்தார்கள், அல்லது உருக்கினார்கள். அப்பா மட்டும், நடுவில் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த இரண்டு அட்டைகளை வாங்கி, காசை உள்ளே வைத்து, அட்டையை மடித்து, நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் கைகூட அதன் மேல் படவில்லை. வெள்ளி விலை ஏறியதும் அந்த வருடக் காசுகளில் பெரும்பாலானவை உருகிப் போயின. மிச்சமிருப்பவற்றுக்கு மதிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. சண்டை போடாதீங்க." இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்ததால் சண்டை போட வழியே இல்லை என்று நாங்கள் சிரித்தோம். என்னுடையதை நான் என் சான்றிதழ்களோடு வைத்துக்கொண்டேன். அண்ணன் அவனுடையதை அலமாரியில் வைத்தான்.

எனக்கு ஒரு அறை வேண்டியிருந்தது. கதை முழுவதும் இதுதான் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறேன். பகலில் ஒரு சலவைக் கடையில் வேலை. மாலையில் கணக்குப் பதிவு வகுப்பு. வகுப்பு முடிந்து வந்தால் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அது அணைந்த பிறகுதான் பாயை விரிக்க முடியும், விளக்கு மற்றவர்களின் கண்ணில் படும் என்பதால் படிக்க முடியாது. வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு விட்டிருந்தார். சின்ன அறைதான். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது அதை மட்டும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள், "முன்பணம் குடுத்தா சாவி. இல்லன்னா வேற ஆளு வரும். எனக்கு யாரையும் நிறுத்தி வைக்கத் தெரியாது," என்றார்.

காசை விற்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அறை பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. அண்ணன், "வித்தா ரெண்டையும் சேர்த்து விப்போம், நல்ல விலை வரும்," என்றான். பழைய காசு வாங்கி விற்பவர் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். லென்ஸ் அட்டையைத் திறக்காமலேயே ஜன்னல் வழியாக இரண்டையும் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார். அந்த விலையே என் முன்பணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அங்கேயே விற்றிருக்கலாம்.

அவரேதான் ஆசையைக் கிளப்பினார். "அவசரம் இல்லேன்னா தரம் போடுற கம்பெனிக்கு அனுப்புங்க. எழுபதுக்கு எவ்வளவுன்னு மார்க் போட்டு, பெட்டியில அடைச்சுக் குடுப்பாங்க. அறுபத்தஞ்சுக்கு மேல வந்தா நான் இப்ப சொன்ன விலைக்கு எட்டு மடங்கு, பத்து மடங்கு."

"அதே காசுதானே சார்?" என்றேன்.

"அதே காசுதாம்மா. ஆனா இது நல்லா இருக்குன்னு நான் சொன்னா அது வியாபாரம். அவங்க சொன்னா அது சத்தியம். வாங்குறவன் காசையா பாக்குறான்? சீட்டைப் பாக்குறான்." பிறகு, ஒரே பெயரில் சேர்த்து அனுப்பினால் கட்டணம் குறையும் என்றும், அட்டையிலிருந்து பிரித்து மெல்லிய பையில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். "ரெண்டும் ஒருத்தரோடதா?" என்று கேட்டார். அண்ணன் என் தோளில் தட்டினான். "எங்களுக்குள்ள என்ன சார், உன்னது என்னதுன்னு?"

அண்ணன் பெயரில் அனுப்பினோம்.

பிரித்தது ஒரு விடுமுறை நாள் இரவில். கடையில் துணிகளுக்கு எண் சீட்டு வைத்து ஸ்டேப்ளர் பின் அடிப்பதும், துவைத்து வந்த பிறகு நூல் இழுபடாமல் பின்னை எடுப்பதும்தான் என் வேலை. அதற்கான சின்ன இடுக்கியைக் கொண்டுவந்திருந்தேன். இதே மேசை. நான் ஜன்னல் பக்கம், அண்ணன் எதிரில். அண்ணி சுவரோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் என் அட்டையை எடுத்தேன். பின்னின் காலை முதலில் நிமிர்த்தி, பிறகு நேராக மேலே தூக்கி, ஒவ்வொன்றாக எடுத்தேன். பட்டுத் துணியில் எடுப்பதுபோல. காசைப் பையில் போட்டேன். அடுத்து அண்ணனின் அட்டை. ஒரு பக்கம் எடுத்திருப்பேன், அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ இப்படி எடுத்தா விடிஞ்சிடும். குடு இங்க," என்று இடுக்கியை என் கையிலிருந்து வாங்கினான். அட்டையை வளைத்தான், இழுத்தான். நகத்தால் தட்டில் கீறியதுபோல ஒரு சத்தம். காசை வெளிச்சத்தில் பிடித்து, "ஒண்ணும் ஆகலை," என்றான். இரண்டு பையும் ஒரே உறைக்குள் போயின. எந்தப் பையின் மேலும் யாரும் எதையும் எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களின் சட்டைக்கெல்லாம் நாள் முழுக்க எண் போடுகிறவள் நான். அண்ணன் தங்கைக்கு நடுவில் எண் போடுவது மரியாதையாக இருக்காது என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். அல்லது ஒன்றுமே தோன்றவில்லை.

இதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஞாபகம். அன்று மேசையில் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து இதே வரிசையில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, கீறல் விழுந்தது நீ பிரிச்சதுலதான்."

"நான் எங்க பிரிச்சேன்?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "இடுக்கி உன்னோடது. பின் எடுக்குறது உன் பொழப்பு. நான் எதிர்ல உக்காந்து டீ குடிச்சேன்."

"என் கையிலேர்ந்து வாங்கினே. விடிஞ்சிடும்னு சொன்னே."

"சொல்லியிருப்பேன். சொன்னா வாங்கினேன்னு அர்த்தமா?"

அண்ணியைப் பார்த்தேன். "அண்ணி, நீங்க இங்கதானே நின்னீங்க?"

அண்ணி எங்கள் இருவரையும் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். "துணி மடிச்சிக்கிட்டிருந்தேன். உங்க கைய யாரு பாத்தா?"

அண்ணன் குரல் இளகியது. ஜெயித்த பிறகு அவனுக்கு எப்போதும் குரல் இளகும். "சரி, நீயேதான் ரெண்டையும் பிரிச்சேன்னு வை. பிரிச்சவ கீறினா கீறினது யார் கணக்குல வரணும்? நீயே சொல்லு. நீதானே கணக்குப் படிக்கிறே."

ரெண்டையும் விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அதுகூடப் பிச்சை கேட்பதுபோலத்தான் என் வாயிலிருந்து வந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்ததைப் பார்த்து எனக்கு நம்பிக்கைகூட வந்தது.

"அப்பா என்ன சொன்னாரு? ஆளுக்கு ஒண்ணுன்னாரு. ஆளுக்குப் பாதின்னா சொன்னாரு?"

லென்ஸிடம் சேர்ந்தே போனோம். அவர் அறுபத்தாறை வாங்கி மேசை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முன்பு வந்தபோது எங்களுக்கு ஸ்டூல்கூடப் போடவில்லை; இந்த முறை அண்ணனுக்கு மட்டும் போட்டார். முன்பு சொன்ன விலையைப் போல ஒன்பது மடங்கு சொன்னார். பிறகு மற்றதை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழ் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் ஒரு கோணத்தில் விழுந்தபோது, தாடிக்காரரின் கன்னத்திலிருந்து காது வரை முடி அளவு ஒரு கோடு மின்னி மறைந்தது.

"பின் இழுத்த கோடு," என்றார். "தினம் ஒண்ணு வரும் இப்படி. யாரு பிரிச்சது?"

"தங்கச்சிதான்," என்றான் அண்ணன். "அவ வேலையே அதுதான் சார்."

மூன்றாவது ஆள் முன்னால் சொல்லிவிட்டான். இனி அவனாலேயே மாற்றிச் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்தது. "நான் இல்ல," என்றேன். எனக்கே கேட்காத குரலில். லென்ஸ் கைகளை விரித்தார். "குடும்பச் சண்டைய வெளிய வச்சிக்கங்க. எனக்குப் பெட்டிதான் பேசும்."

அந்தப் பெட்டிக்கு வெள்ளி எடைக்கு மேல் தர முடியாது என்றார். நான் எழுந்தபோது, ஏதோ உதவி செய்கிறவர்போல, "இன்னொரு வழி இருக்கும்மா. பெட்டிய உடைச்சிடு. காசை வெளிய எடுத்து, சும்மா காசா எவன்கிட்டயாவது வித்துடு. பெட்டிக்குள்ள இருக்கிறவரைக்கும் அதோட குத்தத்தை எழுதி நெத்தியில ஒட்டின மாதிரி. வெளிய வந்துட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"பாத்தியா?" என்றான் அண்ணன் சந்தோஷமாக. "உனக்கும் நஷ்டமில்ல."

அன்றைக்கே அவன் தன்னுடையதை விற்றான். தன்னுடையது என்று நானும் எழுதிவிட்டேன் பாருங்கள். சொல்லச் சொல்ல அப்படித்தான் ஆகிவிடுகிறது.

என் பெட்டியை உடைக்காமல் சான்றிதழ்களோடு வைத்துவிட்டேன். அடுத்த நாட்களில் நான் கெட்டிக்காரத்தனமாக என்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டேன். இடுக்கியை அவன் வாங்கியது எந்தக் கையால்? அந்தச் சத்தம் வந்தபோது என் கை எங்கே இருந்தது? என் அட்டையைப் பிரித்தபோது ஒரு பின் கொஞ்சம் வழுக்கியதோ? வழுக்கியது என்று நினைத்துப் பார்த்தால், அதுவும் நடந்ததுபோலவே தெளிவாகத் தெரிந்தது. கடையில் ஒரு கோட்டுக்கு எண் சீட்டை மாற்றி அடித்துவிட்டேன். முதலாளி, "உனக்கு என்ன ஆச்சு, தூங்கலையா?" என்றார். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். ஒருவேளை தப்பு என்னுடையதோ என்ற நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது. அண்ணன் நல்லவனாக மிச்சமிருந்தான்.

அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது அண்ணி. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில், ஈரப் போர்வையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் எங்கள் காலில் கொட்டியது. அவர் சாதாரணமாக, விலைவாசி பேசுகிற மாதிரி சொன்னார்.

"இடுக்கிய அவர்தான் வாங்கினாரு. நான் பாத்தேன்."

போர்வை என் கையில் அப்படியே நின்றது.

"அப்ப சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னா?" அவர் தன் முனையை மேலும் ஒரு முறை முறுக்கினார். "நீ ரூம் பாத்து வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். அட்வான்ஸைக் கட்டிட்டு பையைத் தூக்கிக்கிட்டு நீ போயிடுவே. இந்த வீட்ல பேச்சுத்துணைக்கு நீ ஒருத்திதான். பொண்ண ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வருவா? இந்த மனுசன் கத்தும்போது நடுவுல யாரு வந்து நிப்பா? நீ போகலாம். நான் எங்க போறது?"

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கை சிவந்திருந்ததையும், முறுக்குவதில் என்னைவிட அவருக்கே பலம் அதிகம் என்பதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவர்கிட்ட போய் நான் சொன்னேன்னு சொல்லிடாதே," என்றார். "நான் இல்லன்னு சொல்லிடுவேன்." போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து தூக்கம் போனது. தெரிந்துகொண்ட பிறகு அதை வைத்து என்ன செய்வது? ஒரே சாட்சி, அதுவும் பல்டி அடிப்பேன் என்று முன்கூட்டியே சொன்ன சாட்சி. லென்ஸ் சொன்னதுபோல யாராவது மூன்றாவது மனிதர் எங்களையும் விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து, எண் போட்டு, உருக்கி ஒட்டிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. வீட்டுக்கார அம்மாளுக்குப் போன் செய்து இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றேன். "நேத்தே ஒரு பொண்ணு வந்துட்டாம்மா. நர்ஸு. அவகிட்ட சாவி குடுத்துட்டேன்," என்றார். நல்ல பெண்ணா என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "நல்ல பொண்ணுதான். வந்ததும் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டா," என்றார்.

அந்த வார இறுதியில் வகுப்பு இல்லை. கீழே வண்டி நிற்கும் சத்தமும் அண்ணன் கூப்பிடும் சத்தமும் கேட்டு இறங்கினேன். ஒரு சோபாவை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டு, மாடிக்குத் தூக்குவது தங்கள் வேலை இல்லை என்று கடைக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கரும்பச்சை நிறம், மேலே இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. அண்ணன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"சின்னவளே, இது வெறும் சோபான்னு நெனச்சியா? இந்தப் பக்கம் இழுத்தா கட்டிலு." குனிந்து, அடியில் ஒரு வாரைப் பிடித்து இழுத்துக் காட்டினான். பாதி விரிந்து நின்றது. "தரையில படுத்துப் படுத்து முதுகு வலின்னு சொல்வியே. உனக்காகத்தான் வாங்கினேன். இனிமே எந்த ரூமும் தேட வேணாம்."

அவனுக்கு அறை பற்றி எப்படித் தெரிந்தது என்று மாடியைப் பார்த்தேன். அண்ணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் மகளின் தலையை வாரத் தொடங்கினார்.

"எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

"அதெல்லாம் ஏன் கேக்குறே? அண்ணன் வாங்கித் தரக்கூடாதா?"

அவன் முன்னால் ஏறினான், முகத்தை என் பக்கம் வைத்துப் பின்னோக்கி. நான் கீழ்ப்பக்கம். படியில் ஏற்றும்போது கீழே நிற்பவர் மேல்தான் கனம் முழுவதும் வந்து இறங்கும் என்பது இருவருக்குமே அப்போதுதான் தெரிந்தது, அல்லது எனக்கு மட்டும். பிளாஸ்டிக் உறை கையில் வழுக்கியது. முதல் வளைவு வரை வந்தோம். அங்கே சோபா சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. செங்குத்தாக நிமிர்ந்துவிட்டதால் அண்ணனின் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவனுக்கும் தெரிந்திருக்காது. பச்சை ஓரத்தைச் சுற்றிப் பிடித்திருந்த அவன் விரல்கள் மட்டும் தெரிந்தன. அப்பாவின் விரல்களேதான், நுனி தட்டையாக.

"பிடிச்சிருக்கியா?" என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.

என் தோளில் கனம் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் நாங்கள் ஏறி வந்த படிகள் அத்தனையும் காலியாக இருந்தன.

"ஏய், பிடிச்சிருக்கியா இல்லியா? நான் கை மாத்தணும், சொல்லு."

அவன் விரல்கள் ஒவ்வொன்றாக ஓரத்தை விட்டு விலகத் தொடங்கின.